விதை காத்தவர்கள்

எங்கள் கிராமத்து வீட்டில் அடுக்களைக்குப் பின்புறம் ஒரு சிறிய இருட்டறை இருந்தது. அதில் ஏழு மண்பானைகள் சுவரோரமாக வரிசையாய் உட்கார்ந்திருக்கும். அவற்றின் வாயைத் துணியால் கட்டி, மேலே சாணமும் மண்ணும் குழைத்துப் பூசியிருக்கும். சிறு வயதில் அந்த அறைக்குள் போக எனக்குப் பயம். பாம்புக்கோ பேய்க்கோ நான் பயப்படவில்லை. எங்கள் அவ்வாவுக்குத்தான் பயந்தேன்.

அவ்வா என்றால் பாட்டி. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. எங்களுடையது அவற்றில் ஒன்று. அந்த ஏழு பானைகளிலும் கம்பு, சோளம், வரகு, குதிரைவாலி, தினை, துவரை, மொச்சை என்று ஏழு விதைகள் இருந்தன. சாம்பலும் வேப்பிலையும் கலந்து அவ்வாவே அவற்றை அடைத்து வைப்பாள். களத்தில் கதிர் வந்து குவிந்ததும், முதலில் அவள்தான் உள்ளே இறங்குவாள். குனிந்து, நெருங்கப் பிடித்த கதிராய்ப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்ட பிறகுதான் தாத்தா பிணையல் மாட்டை உள்ளே விடலாம். மழை பொய்த்த ஒரு வருஷம் வீட்டில் அடுப்பெரிக்கத் தானியம் இல்லை. அடுத்த வீட்டில் இரண்டு படி சோளம் கைமாற்று வாங்கி வந்தாளே தவிர, பானையின் வாயை அவள் திறக்கவில்லை. "விதையைத் தின்றவன் வீட்டில் விளக்கு எரியாது" என்பாள்.

அவள் போன வருஷம் எனக்குப் பதினோரு வயது. காரியங்கள் முடிந்த மறுநாள் அப்பா பானைகளை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். அதற்குள் எங்கள் வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு வழக்கமாகிவிட்டது. நிலத்தில் பருத்தி போட்டிருந்தோம். அந்த விதைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோழிக்குப் போடு என்றார் அப்பா. நான்தான் பானை பானையாகக் கவிழ்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேல் பள்ளிக்கூடத்துக்குத் தூக்குப் போணியில் கம்பங்கூழ் கொண்டுபோக வேண்டாமல்லவா? மூன்று நாள் எங்கள் கோழிகளுக்குத் தீபாவளியாக இருந்தது.

பஞ்சத்தில்கூட ஒரு பெண்பிள்ளை காத்து வைத்த சொத்தை, பஞ்சமே இல்லாத ஒரு நாளில், நான் ஒரு பிற்பகலில் தீர்த்துவிட்டேன். இது ரொம்ப நாள் எனக்கு ஒரு குற்றமாகவே படவில்லை.

*

எங்கள் சின்னம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

1986-ஆம் ஆண்டில் டென்மார்க் அரசாங்கத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். சிறு விவசாயிகள், குறு விவசாயிகள் வீட்டுப் பெண்களுக்கு வேளாண்மைப் பயிற்சி கொடுப்பது அதன் நோக்கம். 'தான்வா' என்று அதற்குச் சுருக்கப் பெயர். அது வரையில் வேளாண்மை அதிகாரி என்றால் ஆண். அவர் ஊருக்கு வந்தால் பேசுவது ஆண்களோடு. நாற்று நடுகிறவள், களை பறிக்கிறவள், விதை பொறுக்குகிறவள் பெண் என்ற விஷயம் யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இந்தத் திட்டத்தில் பெண் அதிகாரிகளையே நியமித்து, ஊர் ஊராக அனுப்பினார்கள். விதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி, விதை நேர்த்தி செய்வது எப்படி, உயிர் உரம் கலப்பது எப்படி என்று அவர்கள் செய்து காட்டினார்கள்.

சின்னம்மா அந்த வகுப்புக்குப் போனாள். இன்றைக்கும் அவள் நெல் விதைக்கும் முன்பு ஒரு வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் ஒரு கோழி முட்டையைப் போட்டுப் பார்ப்பாள். முட்டை மிதந்து, அதன் தலை ஒரு காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் சரி. பிறகு விதையைக் கொட்டுவாள். பதர் மேலே வரும்; திடமான விதை அடியில் தங்கும். பயிற்சி கொடுத்த அம்மாள் ஓய்வு பெற்றிருப்பார். திட்டமும் எப்போதோ முடிந்துவிட்டது. சின்னம்மாவின் முட்டை மட்டும் வருஷம் தவறாமல் மிதக்கிறது.

ஆனால் அவள் அந்த வாளியில் கொட்டுகிற விதை கடையில் வாங்கியது. பையில் அச்சடித்த பெயரைப் படித்துத்தான் அது என்ன ரகம் என்று அவளுக்கே தெரியும். கைப்பழக்கம் தங்கிவிட்டது, விதை வீட்டைவிட்டுப் போய்விட்டது. ஒரு பயிற்சி முடிந்து முப்பது, நாற்பது வருஷம் கழித்து அதில் எது நிற்கிறது, எது போகிறது? இந்தக் கேள்விக்கு ஒரு மாதிரியான பதில் எனக்குக் கிடைத்தது வெகு தூரத்தில், தெலுங்கு நாட்டில்.

*

சில வருஷங்களுக்கு முன் ஒரு சரித்திர நாவலுக்காக பீதர்க் கோட்டையைப் பார்க்கப் புறப்பட்டேன். ஹைதராபாத்திலிருந்து மேற்கே பம்பாய் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் போனால் ஜஹீராபாத் என்ற சிற்றூர். அங்கிருந்து வடக்கே திரும்பினால் பீதர். சங்கராந்தி கழிந்த சமயம். ஜஹீராபாத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் இறங்கியிருந்தேன். "கோட்டை எங்கேயும் ஓடிவிடாது. பக்கத்து ஊரில் ஒரு திருவிழா நடக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள்" என்று அவர் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. தேர் போல் ஜோடித்திருந்தார்கள். முன்னால் மேளம், பெண்களின் பாட்டு. ஊர் எல்லையில் ஆரத்தி எடுத்து வரவேற்றார்கள். எந்தச் சாமி வருகிறது என்று எட்டிப் பார்த்தேன். வண்டியில் விக்கிரகம் இல்லை. பானைகள் இருந்தன. ஒவ்வொரு பானையிலும் ஒரு விதை.

அதற்குப் பெயர் 'பாத பண்டல ஜாதரா' - பழைய பயிர்களின் திருவிழா. சங்கராந்தியன்று புறப்பட்டு ஏறக்குறைய ஒரு மாதம் ஊர் ஊராக இந்த வண்டிகள் போகும். போன இடமெல்லாம் விதையைக் காட்டிப் பேசுவார்கள், பாடுவார்கள், கைமாற்றிக்கொள்வார்கள்.

ஒரு வண்டியின் பக்கத்தில் நின்ற கிழவியிடம் எங்கள் வீட்டுத் தெலுங்கில் பேச்சுக் கொடுத்தேன். சிரித்துவிட்டாள். என் தெலுங்கு அவளுக்கு எந்த நூற்றாண்டுத் தெலுங்காகக் கேட்டதோ! ஆனால் பானைகளைச் சுட்டி 'ஜொன்ன', 'கொர்ர', 'கந்தி' என்று அவள் சொன்னபோது எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சோளம், தினை, துவரை. அவ்வாவின் வார்த்தைகள். முப்பது வருஷமாக என் காதில் விழாதவை.

"உங்கள் வீட்டில் இதெல்லாம் இருக்கிறதா, பிட்டா?" என்று கேட்டாள். பிட்டா என்றால் பிள்ளாய் என்று அர்த்தம்.

"இருந்தது, அவ்வா" என்றேன். கோழிக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

பீதருக்கு மறுநாள் போனேன். கோட்டை அழகாகத்தான் இருந்தது. மனசு அதில் ஒட்டவில்லை. ஊர் திரும்பியதும் இந்தப் பெண்களின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

*

தக்காணத்து மேட்டுநிலம் வறட்சிக்குப் பேர்போனது. 1876-ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பஞ்சம் நம் பக்கத்துக் கிழவர்களின் பேச்சில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று நிலைத்துவிட்டது. அது சென்னை மாகாணத்தோடு நிற்கவில்லை. மைசூர், பம்பாய், ஹைதராபாத் என்று தக்காணம் முழுவதையும் வாரிக்கொண்டு போயிற்று. ஜஹீராபாத் பகுதி அன்று நிஜாம் ராஜ்யத்தைச் சேர்ந்தது. நிலமெல்லாம் ஜாகீர்தார், பட்டேல், தேஷ்முக் கையில் இருந்த சீமை. அங்கே தலித்துகளுக்குக் கூலியும் வசவும்தான் பரம்பரைச் சொத்து.

சுதந்திரத்துக்குப் பின் நிலச் சீர்திருத்தம் வந்தது. 1973-இல் ஆந்திரப் பிரதேசத்தில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஏழைகளுக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று பட்டா கிடைத்தது. எந்த நிலம்? எந்த நிலச்சுவான்தார் நல்ல நிலத்தை விட்டுக் கொடுப்பார்? கல்லும் சரளையுமாக, கலப்பை இறங்காத செம்மண் மேடுகள்தான் பெரும்பாலும் கிடைத்தன. பட்டா பெட்டியில் இருந்தது; நிலம் தரிசாகக் கிடந்தது. சொந்த நிலம் வைத்திருந்தவள் பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனாள்.

1983-ஆம் வருஷம் இந்தக் கதையில் இரண்டு விதத்தில் முக்கியமானது. அந்த வருஷம் ஜனவரியில் என். டி. ராமராவ் முதல் மந்திரியானார். கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். பசித்த வயிற்றுக்கு அது பெரிய உபகாரம், சந்தேகமே இல்லை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் அரிசிச் சோறு பார்த்தவர்கள் தினமும் பார்த்தார்கள். ஆனால் அந்த அரிசி எங்கோ கால்வாய்ப் பாசனத்தில் விளைந்த அரிசி. இரண்டு ரூபாய்க்கு அரிசி கிடைக்கும்போது, மேட்டுக் காட்டில் வெயிலில் வெந்து சோளம் விளைவிப்பானேன்? சாப்பிடுகிற வாய் மாறியதும் விதைக்கிற கையும் ஓய்ந்தது. எங்கள் வீட்டில் நடந்த கதைதான். அங்கே ஜில்லா அளவில் நடந்தது.

அதே 1983-இல்தான் ஜஹீராபாத்தை அடுத்த பஸ்தாபூரை இருப்பிடமாகக் கொண்டு 'டெக்கன் டெவலப்மெண்ட் சொஸைட்டி' என்ற சங்கம் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பி. வி. சதீஷ். மைசூர்க்காரர், டெலிவிஷன் தயாரிப்பாளராக இருந்தவர். 1975-76-இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றைக் கடன் வாங்கி, 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடத்திய பரிசோதனையில் அவருக்குப் பங்கு உண்டு. வானத்திலிருந்து கிராமத்துக்குப் பாடம் சொன்ன அனுபவம் அவருக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும்: கிராமம் என்ன சொல்கிறது என்பதையும் யாராவது கேட்க வேண்டும்.

அவர்கள் கிராமந்தோறும் பெண்களின் சங்கங்களை அமைத்தார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பகலெல்லாம் கூலி வேலை, இரவில் கூட்டம். நாளடைவில் ஏறக்குறைய 75 கிராமங்களில் 5,000 பெண்கள் சேர்ந்தார்கள்.

*

இந்தக் கூட்டங்களில் யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சுலபமல்ல. வெளியிலிருந்து போனவர்கள் மண் வரப்புப் போடவும், கணக்கு வைக்கவும், சர்க்காரிடம் மனுப் போடவும் வழி சொன்னார்கள். விதையைப் பற்றிய பாடத்தைக் கிழவிகள் நடத்தினார்கள். எந்த ஊரில் எந்தக் கிழவியின் மண்பானையில் எந்தப் பழைய விதை ஒரு பிடி மிஞ்சியிருக்கிறது என்று தேடினார்கள். அந்த ஒரு பிடியை விதைத்து, பெருக்கி, பங்கிட்டார்கள். கிராமத்துக்குக் கிராமம் விதைக் களஞ்சியம் ஏற்பட்டது. சட்டம் சுருக்கமானது: ஒரு படி விதை வாங்கினால், விளைந்ததும் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். ரூபாய்க்கு அங்கே வேலை இல்லை.

அவர்கள் நிலத்தில் விதைக்கும் முறையைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். பருவநிலை கெட்டு மழை முன்னும் பின்னுமாகப் பெய்கிற இந்தக் காலத்தில், விஞ்ஞானிகள் மகாநாடு கூட்டித் தேடுகிற விஷயம் அதில் இருக்கிறது.

ஓர் ஏக்கரில் அவர்கள் ஒரே பயிரை வைப்பதில்லை. பத்து, பதினைந்து, சில சமயம் இருபதுக்கு மேலும் கலந்து விதைப்பார்கள். தினை மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். சோளத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். துவரை ஆறு மாதம் நின்று, ஆழமாக வேர் விட்டு, மற்றப் பயிர்கள் எட்டாத ஈரத்தைத் தேடிக் குடிக்கும். பயறும் மொச்சையும் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும். ஆடியில் மழை ஏமாற்றினால் தினை போகும், துவரை தப்பிக்கும். கடைசியில் ஏமாற்றினால் துவரை வாடும். தினை அதற்குள் வீட்டுக்கு வந்திருக்கும். எல்லாம் ஒரே நாளில் போய்விடுவது அபூர்வம். ஒரே பயிரை வைத்தவன் ஒரே சீட்டில் பணத்தையெல்லாம் கட்டியவன். இவள் பல சீட்டில் பிரித்துக் கட்டியிருக்கிறாள். பெரிய லாபம் வராது, பட்டினி வராது.

மழைக்காலம் முடிந்தபின் விதைத்து, பாசனமும் உரமும் இல்லாமல், பனியின் ஈரத்திலேயே விளைகிற சில பயிர்களும் அவர்களிடம் உண்டு. அவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சத்தியம் பண்டலு'. சத்தியப் பயிர்கள்! தண்ணீர் கொடு, மருந்து கொடு என்று கேட்காமல், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பயிர். எழுத்தையே தொழிலாகக் கொண்டவன் நான். இப்படி ஒரு பெயர் எனக்குத் தோன்றியிருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1990-களின் நடுவில் இன்னொரு காரியம் செய்தார்கள். மத்திய சர்க்காரின் கிராம வளர்ச்சி இலாகாவிடம் உதவி பெற்று, தரிசு நிலங்களைத் திருத்தச் சிறு விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 30-க்கு மேற்பட்ட கிராமங்களில் சுமார் 2,500 ஏக்கர் இப்படிச் சாகுபடிக்கு வந்தது. கடனைச் சோளமாகத் திருப்பித் தர வேண்டும். அந்தச் சோளம் அந்த ஊர்க் களஞ்சியத்திலேயே இருக்கும். வேலையும் தானியமும் அற்றுப்போகிற மாதங்களில் ஊரிலுள்ள ஏழைகளுக்கு மலிவு விலையில் அதை விற்பார்கள். யார் ஏழை என்று தீர்மானிக்கத் தாசில்தார் வரவில்லை. ஊரார் கூடி, எல்லோர் எதிரிலும், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லித் தீர்மானித்தார்கள். உள்ளூரில் விளைந்து, உள்ளூரில் தங்கி, உள்ளூர்ப் பசியைத் தீர்க்கும் ரேஷன் கடை அது. இரண்டு ரூபாய் அரிசிக்கு அவர்கள் சொன்ன பதில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2002-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தேசம் முழுவதும் பெய்ய வேண்டிய மழையில் பாதிதான் பெய்தது. 2009-இல் பருவமழை 22 சதவிகிதம் குறைந்தது. இப்படிப்பட்ட வருஷங்களில்தான் ஒரு பயிற்சி பலித்ததா இல்லையா என்று தெரியும். களஞ்சியத்தில் விதை இருக்கிற ஊர், முதல் விதைப்பு கருகினால் இரண்டாம் முறை விதைக்கும். கடையில் கடன் சொல்லி வாங்கியவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஹைதராபாத்திலிருந்து ஜஹீராபாத் போகும் அதே சாலையில் படான்செரு என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1972-இல் ஏற்பட்ட சர்வதேச வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிலையம் - 'இக்ரிசாட்' - இருக்கிறது. அதன் குளிர் அறைகளில் சோளம், கம்பு, துவரை, கடலை என்று லட்சத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகளைப் பாதுகாக்கிறார்கள். மகத்தான காரியம். உலகத்தில் எங்காவது ஒரு ரகம் அழிந்துபோனால் அங்கே கேட்டு வாங்கலாம். அதே சாலையில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில், குளிர் அறை இல்லாமல், சாம்பலையும் வேப்பிலையையும் வைத்து, கைநாட்டுப் பெண்கள் ஒரு களஞ்சியம் நடத்துகிறார்கள். முன்னதில் விதை தூங்குகிறது. பின்னதில் விதை வருஷா வருஷம் எழுந்து, வெயிலில் காய்ந்து, பனியில் நனைந்து, மாறிவரும் பருவத்தைப் பழகிக்கொண்டு திரும்பி வருகிறது. இரண்டும் வேண்டும். ஒன்றுக்குக் கட்டடமும் மானியமும் இருக்கின்றன. மற்றொன்றுக்கு அந்தக் கிழவிகள் இருக்கிறார்கள்.

*

கதை எழுதுகிறவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயத்தை இப்போது சொல்கிறேன்.

இந்தப் பெண்களில் சிலருக்கு வீடியோ காமிரா பழக்கினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காமிராவா என்று ஊர் சிரித்திருக்கும். அவர்கள் பழகிக்கொண்டார்கள், அதோடு காமிரா சாஸ்திரத்துக்குத் தங்கள் பரிபாஷையையும் வைத்தார்கள். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் அது 'அடிமை ஷாட்' - கூலிக்காரி நிலச்சுவான்தாரைப் பார்க்கிற பார்வை. மேலேயிருந்து குனிந்து எடுத்தால் 'பட்டேல் ஷாட்' - நிலச்சுவான்தார் அவளைப் பார்க்கிற பார்வை. கண்ணுக்குக் கண் நேராக எடுத்தால்? அது 'சங்கம் ஷாட்'. கூட்டத்தில் எல்லோரும் தரையில் சமமாக உட்கார்ந்து பேசுகிறபோது கிடைக்கிற பார்வை!

சினிமாக் கலையைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகங்கள் சிலவற்றை நானும் புரட்டியிருக்கிறேன். காமிராக் கோணத்தின் நியாயத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

2002-இல் மரபணு மாற்றிய பருத்தி இந்தியாவில் அனுமதி பெற்றது. அதை விதைத்த வாரங்கல் விவசாயிகளின் வயலுக்கே போய், மாதக் கணக்கில் பார்த்து, இந்தப் பெண்கள் ஒரு படம் எடுத்தார்கள். 2003-இல் வெளிவந்த அந்தப் படம் வெளிநாடுகளுக்கும் போயிற்று. அந்தப் பருத்தி பிறகு நாடெங்கும் பரவியதும் உண்மைதான். அவர்கள் சொன்னது முழுக்க எடுபடவில்லை. ஆனால் வயலில் வேலை செய்கிறவளின் சாட்சியம் பதிவாயிற்று.

பிறகு ரேடியோ. ஆகாயத்தின் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று சர்க்கார் அனுமதித்தது. 2008 அக்டோபர் 15-ஆம் தேதி, கிராமப் பெண்களுக்கான சர்வதேச தினத்தன்று, மாச்னூர் கிராமத்தில் 'சங்கம் ரேடியோ' தொடங்கிற்று. தொடங்கி வைத்தவர், 1995-இல் அந்தத் தீர்ப்பை வழங்கிய நீதிபதிகளில் ஒருவரான பி. பி. சாவந்த். நடத்துகிறவர்கள் தலித் பெண்கள். இந்த வாரம் எந்த விதை எந்த ஊரில் இருக்கிறது, எந்தக் கீரை எந்த வரப்பில் முளைத்திருக்கிறது என்று அவர்கள் பேச்சிலேயே அது பேசும். பட்டேல் வாசலில் வாய் திறக்க அஞ்சிய வம்சம் ஆகாயத்தில் பேசிற்று.

*

எல்லாம் மங்களமாக முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான். நாவலில் அப்படி எழுதலாம், சரித்திரத்தில் முடியாது.

2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்வேட்டர்' பரிசு இந்தச் சங்கங்களுக்குக் கிடைத்தது. இந்தியாவின் யோசனைப்படி 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக உலகமே கொண்டாடியது. பட்டணத்துக் கடைகளில் தினையும் சாமையும் பளபளப்பான பைகளில் ஏறிவிட்டன. ஏழை வாங்க முடியாத விலை. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் சதீஷ் காலமானார். ஜஹீராபாத்தைச் சுற்றிலும் 12,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் பெரிய தொழில் பேட்டை அமைக்கும் திட்டம் வந்திருக்கிறது. நிலத்தை விட மறுத்துப் போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். விலைக்குக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். நிலமே போய்விட்டால், பானையில் இருக்கும் விதையை எங்கே விதைப்பது? 75 கிராமம் என்பது இந்த தேசத்துக்கு ஒரு கை மண்.

ஜாதராவில் அந்தக் கிழவியிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான்: "உனக்குப் பிறகு யார், அவ்வா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. மகன் ஹைதராபாத்தில் கட்டட வேலைக்குப் போய்விட்டானாம். மருமகளும் கூடப் போய்விட்டாள். பேத்தி காலேஜில் படிக்கிறாள், விடுமுறைக்கு வருவாள். "விதை பொறுக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பாள். ஆனால் சுளித்துக்கொண்டே பொறுக்குவாள்" என்றாள்.

அந்தப் பதிலில் எனக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டாயிற்று. எங்கள் அவ்வா யாரையும் பானை அருகே விட்டதில்லை. அவள் அறிவெல்லாம் அவளோடு ஓர் இருட்டறையில் இருந்தது. அவள் போனதும் அதுவும் போயிற்று. சின்னம்மாவுக்குக் கிடைத்த பயிற்சி கைக்குக் கிடைத்தது. விதை கூடவே வரவில்லை. பஸ்தாபூர்ப் பெண்களிடம் கைப்பழக்கம், விதை, கொஞ்சம் நிலம், அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் ஆகிய நான்கும் சேர்ந்திருந்தன. நாற்பது வருஷம் நின்றதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கிழவி போனால் அடுத்த ஊர்க் கிழவிக்குத் தெரியும். ஒரு பானை உடைந்தால் மற்றொரு பானையில் அதே விதை இருக்கும்.

புறப்படும்போது அவள் ஒரு பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி தினையை அள்ளி என் கைக்குட்டையில் முடிந்தாள். "சும்மா இல்லை, பிட்டா. இரண்டு பிடியாகத் திரும்பி வர வேண்டும்" என்றாள்.

சென்னையில் மாடி வீட்டில் குடியிருக்கும் நான் அதை எங்கே விதைப்பேன்? சின்னம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முட்டையை மிதக்க விடுவாளோ என்று பார்த்தேன். "நெல்லுக்குத்தானடா அது" என்று சிரித்தாள். கைக்குட்டையை விரித்து, விரலால் கிளறி, "எங்கே பிடித்தாய் இந்தக் கொர்ரலை? மாமியார் காலத்தோடு போயிற்றே" என்றாள். புரட்டாசியில் மானாவாரிக் காட்டின் ஓரத்தில் நாலு வரிசை போட்டாள். குருவி தின்றது போக மீதி விளைந்தது. தை மாதம் அவளே குனிந்து கதிர் பொறுக்கினாள். நானும் கூட நின்று பொறுக்கினேன்; எது நல்ல கதிர் என்று அவள்தான் சொல்லித் தர வேண்டியிருந்தது.

இப்போது அந்த இருட்டறையில் ஒரு பானை இருக்கிறது. மற்ற ஆறு இடங்களும் காலி. ஜஹீராபாத்துக்கு நான் தர வேண்டிய இரண்டு பிடி இன்னும் பாக்கி. அடுத்த சங்கராந்திக்குள் போய்க் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கிழவி இல்லாவிட்டாலும், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது வாங்கிக்கொள்ள அங்கே ஒருத்தி இருப்பாள் என்று நம்புகிறேன்.